மதாமின் ஓமோம் பாட்டு

போன சனிக்கிழமை, ஆக்லாந்தில் மாசி என்ற பகுதியிலுள்ள என் வீட்டுக் கராஜைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய கோப்பித் தகரப்பேணி அகப்பட்டது. உள்ளே ஒரு கசெட். பேணியில் கோப்பி மணம் இன்னும் இருக்கிறது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மூக்கு நம்பிவிட்டது.

எண்பதுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு மரவீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரி பிரெஞ்சுப் பெண்மணி. அவர் பெயரை என் நாக்கு கொலை செய்ததால் மதாம் என்றே கூப்பிட்டேன். இளவயதில் பாரிஸில் மெட்டுப் போட்டவர். அவருடைய பாட்டுகளை ஊரே முணுமுணுத்ததாம். ஆனால் இசைத்தட்டு உறையில் முதலெழுத்தும் குடும்பப்பெயரும் மட்டுமே பொடியாக இருந்ததால், எல்லோரும் ஆண் என்றே நினைத்தார்களாம். பிறகு ஒரு நியூசிலாந்துக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். கணவர் இறந்து மூன்று வருடமாக மெட்டு ஒன்றும் வரவில்லை.

அந்தக் கோடைக்கு ஒரு வானொலி அவரிடம் பாட்டுக் கேட்டிருந்தது. சரணம் வந்துவிட்டது, பல்லவி வரவில்லை. வராவிட்டால் பியானோவை விற்றுவிடுவேன் என்றார். சும்மா வெருட்டுகிறார் என்று நினைத்தேன். அவரோ வாங்குகிறவரைச் சனிக்கிழமை வரச்சொல்லியே விட்டார்.

எனக்கு ஞாயிறுதோறும் கொழும்பிலிருந்து அக்காவின் போன் வரும். அவர் கேட்கக் கேட்க நான் பதில் சொல்வேன். "ஓமக்கா. சாப்பிட்டனான். ஓமோம், குளிர்தான். ஓம்." அந்த நேரத்தில் மதாம் கோப்பி அடுப்பை அணைத்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடப்பார். என் அரட்டைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று விளங்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நான் போனில் ஓதும் மந்திரத்தைப் பாட்டில் சேர்த்தால் என் கடவுள் கோபிப்பாரா? விஷயம் பிடிபட்டதும் வயிறு நோகச் சிரித்தேன். அது மந்திரமில்லை, யாழ்ப்பாணத்தார் யெஸ் சொல்வது அப்படித்தான் என்றேன்.

மதாம் போய்ப் பியானோவைத் திறந்தார். பிறகு அவர் சொன்ன ஆங்கிலம் என் காதில் இன்றைக்கும் தமிழாகவே நிற்கிறது.

"மூண்டு வருசமா இந்த வீட்டில ஆரும் இத்தனை தரம் யெஸ் சொன்னதில்லை."

அரைமணி நேரத்தில் பல்லவி வந்துவிட்டது. ஓமோம், ஓமோம், ஓம்! மறுநாள் பியானோ வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று காலால் தாளம் போட்டார். உள்ளே வந்து கோப்பி குடித்து, வந்த காரியத்தை மறந்து திரும்பிப் போனார்.

கோடை முழுக்க வானொலியில் அந்தப் பாட்டுத்தான். ரயிலில் பெண்கள் அதை முணுமுணுக்கும்போது, ஆக்லாந்தே என் அக்காவுக்குப் பதில் சொல்வதுபோல் இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் என் ஸ்டேஷனில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனான ஏவன்டேல் வரை போன நாளும் உண்டு. இப்போது பேணியில் அகப்பட்ட கசெட் அதுதான். அதன் உறையில் மதாம் தன் முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே பாடல்வரி என்று என் பெயரையும் போட்டார். ஒரே சொல்லில் பாடலாசிரியர் ஆனவள் நானாகத்தான் இருக்கும்.

மதாம் போய்விட்டார். மரவீடு இருந்த இடத்தில் அடுக்குவீடு நிற்கிறது. அக்காவும் போனபின் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிப்பதில்லை. கசெட் போட மெஷினும் இல்லாததால், என்னைப் பார்க்க வந்திருந்த தம்பி மகளுக்கு நானே பாடிக்காட்டினேன். இங்கே பிறந்தவள். கைதட்டிவிட்டுக் கேட்டாள்.

"இட்ஸ் த யோகா வேர்ட், ரைட் மாமி?"

இல்லையென்று விளக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது பழைய பழக்கம்.

"ஓம்."

அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.