இடுப்புப் பட்டையில் எட்டு எண்கள்

எம்பிராய்டரி வகுப்பின் முதல் நாள், யாருக்கு என்ன தைக்க ஆசை என்று விதாத் ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள்தான் டீச்சர். ஸ்ஃபாக்ஸ் நகரிலிருந்து வந்த சின்னப் பெண், ஆனால் ஊசி பிடித்தால் கை பேசும். ஒருத்தி தன் பூனையின் முகம் என்றாள். கல்யாணம் நிச்சயமான ஒருத்தி ஜீன்ஸ் கோட்டின் முதுகில் பெரிய சூரியகாந்தி என்றாள். கடைசியில் மொன்ஜியா உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு எண்ணு போடத் தெரிஞ்சா போதும். சின்னதா. நக அளவுக்கு.”

“எண்ணா? எதுக்கு அக்கா, மாமாவோட வயச மறக்காம இருக்கவா?” என்றாள் கல்யாணப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். மொன்ஜியாவும் சிரித்து வைத்தாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ஜர்ஜீஸ் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் இஸ்திரி போட்டவள். கண்ணை மூடிக்கொண்டு படுக்கை விரிப்பை நாலாக மடிப்பாள். ஆனால் அறுந்த பொத்தானைத் தைக்கப் பக்கத்து வீட்டுக்குத்தான் போவாள். குளிர்காலத்தில் ஹோட்டலை மூடிவிடுவார்கள். அந்த மூன்று மாதமும் வீட்டில் சும்மா இருப்பாள். இந்த வருடம் சும்மா இருக்க முடியவில்லை.

காரணம் நிஸார். ஒரே மகன், இருபத்திரண்டு வயது. பைக்கை விற்றுவிட்டான். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். இரண்டு வருடமாகப் பேசாமலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய் காபி குடித்துவிட்டு வந்தான். அப்பனோடு சண்டை போடுவதை நிறுத்தினான். அந்த ஊரில் ஒரு பையன் திடீரென்று நல்லவனாகிவிட்டால் பெற்றவள் ராத்திரியில் எழுந்து அவன் படுக்கையில் இருக்கிறானா என்று பார்ப்பாள். யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். கேட்டால் இல்லை என்பான். இல்லை என்று சொன்ன வாய் அடுத்த வாரம் அக்கரைக்குப் போகும் கள்ளப் படகில் இருக்கும்.

அக்டோபரில் உறவுக்காரர் ஒருவரை அடக்கம் செய்த பிறகு, அவள் ஊரிலிருந்த இன்னொரு கபரஸ்தானுக்குள் போய்ப் பார்த்திருந்தாள். கடல் கொண்டுவந்து போட்டவர்களுக்கானது. பெயர் கிடையாது. ஒரு பலகையில், ‘ஆண், கறுப்புச் சட்டை’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் அந்த மனுஷன். அந்தக் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டவள் ஒருத்தி எங்கோ இருப்பாள், இன்னும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு.

அதனால்தான் எண்.

ஆரம்பத்தில் வளையத்தில் துணியை மாட்டவே வரவில்லை. தொய்ந்து போகும். “மேளத்தோல் மாதிரி இருக்கணும் அக்கா, தட்டினா சத்தம் வரணும்” என்பாள் விதாத். ஆறு இழை நூலில் இரண்டு இழை பிரிக்கக் கற்றாள். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் போட்ட முதல் எண், ஏழு, காற்றில் சாய்ந்த பனைமரம் மாதிரி இருந்தது. பின்பக்கத்தைப் பார்த்தால் கோழி கிளறிய குப்பை.

“முடிச்சு போடாதீங்க, அவிழ்ந்துடும். நூல் நுனியைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டி விடுங்க.”

“தண்ணியில கிடந்தா?”

“துவைச்சா ஒண்ணும் ஆகாது.”

“துவைக்கிற தண்ணி இல்ல. உப்புத் தண்ணி.”

விதாத் அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் எண்ணைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை.

ஒரு பழைய கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் தன் ஃபோன் எண்ணைத் தைத்தாள். எட்டு எண்கள். முதல் நாலு சிவப்பு நூல், அடுத்த நாலு கறுப்பு. கடல் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து, அதில் போட்டு மூடி, முற்றத்து மூலையில் வைத்தாள்.

ஆறாம் நாள் பெல்காசெம் மூடியைத் திறந்தான். அவள் புருஷன், கடலுக்குள் பானைகளை இறக்கி, அதில் வந்து ஒளியும் பேய்க்கணவாயைப் பிடிக்கிற மீனவன். உள்ளே ஆலிவ் ஊறுகிறது என்று நினைத்து, ஒன்றை ருசி பார்க்கக் கையை விட்டான்.

“ஏய் மொன்ஜியா! ஆலிவுக்கு எப்பலேர்ந்து ஜிப் முளைச்சுது?”

அவள் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் பட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டான். சிவப்பு கரைந்து துணியெல்லாம் ரோஜா நிறமாகியிருந்தது. கறுப்பு அப்படியே இருந்தது.

பெல்காசெம் கறுப்பு எண்களை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். “கறுப்புலயே போடு” என்றான் கடைசியில். மகன் போகப்போவது அவனுக்கும் தெரியும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நிஸாரின் புது நீல ஜீன்ஸை எடுத்து ஐந்து நாள் தைத்தாள். ஒளிக்கவில்லை. அவன் பார்க்கட்டும், பார்த்து மனம் மாறட்டும் என்றுதான் கூடத்திலேயே உட்கார்ந்து தைத்தாள். அவன் பார்த்தான். பக்கத்தில் குந்தி, பட்டையை விரலால் தடவினான்.

“உம்மா, கடைசி எண்ணு அஞ்சுதானே? ஆறு மாதிரி இருக்கு பாரு.”

அவ்வளவுதான் சொன்னான். போகமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுந்து போய் முகம் கழுவினான். மொன்ஜியாவின் கையில் ஊசி அப்படியே நின்றது.

அன்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எண் முடியாதவரை இவன் போகமாட்டான். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவன், முடியும்வரை காத்திருக்கத்தானே செய்வான்? கடைசி ஐந்தைப் பிரித்தாள். மறுநாள் தைத்தாள், மறுபடி பிரித்தாள்.

“இன்னும் முடியலையா உம்மா?”

“கத்துக்குட்டி கைடா. நீ என்னைப் பெரிய தையக்காரின்னு நினைச்சியா?”

“ஒரு எண்ணுக்கு ஒரு வாரமா? ஹோட்டல்காரன் பாவம், உன்னை எப்படி வெச்சிருந்தான்?”

இருவரும் சிரித்தார்கள். பன்னிரண்டு நாள் இப்படி ஓட்டினாள். வெளியே வடக்குக் காற்று விடாமல் அடித்தது, அதில் எந்தப் படகும் கிளம்பாது. அது நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை காற்று நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மொன்ஜியா ரொட்டி வாங்கப் போனாள், வரிசையில் இருபது நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது வளையம் மட்டும் கூடத்துத் தரையில் கிடந்தது. ஊசி அதன் பக்கத்தில், கவனமாக ஒரு காகிதத்தில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. ஜீன்ஸ் இல்லை. அவன் ஃபோன் அணைந்திருந்தது.

“முடிஞ்சுதுன்னு நினைச்சு எடுத்துட்டானா?” என்றான் பெல்காசெம்.

“ஏழுதான் இருக்கு” என்றாள் அவள். “நேத்து பிரிச்சேன். நானேதான் பிரிச்சேன்.”

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் ஃபோனைச் சார்ஜில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அது சும்மா இருக்கவேண்டும், யாராவது அழைத்தால் எடுக்கவேண்டும். புருஷனின் ஃபோனை வாங்கினாள். தன் எண்ணின் முதல் ஏழையும் அழுத்தி, கடைசியில் பூஜ்யம் போட்டாள். யாரோ ஒரு ஆள் எடுத்தான்.

“தம்பி, உன்னை எனக்குத் தெரியாது. என் பையன் கடல்ல போயிருக்கான். நீல ஜீன்ஸ். அதுல என் நம்பர் தைச்சிருக்கேன், கடைசி எண்ணு இல்ல. எவனாவது கடைசி எண்ணை மாத்தி மாத்திப் பார்த்து உனக்குப் போட்டா, அஞ்சுல முடியறதுக்குப் போடச் சொல்லு.”

“இது என்ன, காசு பிடுங்க புது வித்தையா?” வைத்துவிட்டான்.

ஒன்றில் முடியும் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டில் முடிவது காஃப்ஸாவில் ஒரு பெண். முழுவதையும் கேட்டாள்.

“இருங்க அக்கா, பேனா எடுக்கறேன். பையன் பேரு?”

“நிஸார்.”

“எழுதிட்டேன். சுவத்துலயே எழுதிட்டேன், அழியாது.”

மூன்றும் நாலும் உபயோகத்தில் இல்லை. ஆறில் ஒரு கிழவர். அவருக்குக் காது கேட்கவில்லை, மூன்று தடவை கத்திச் சொன்னாள். எட்டில் எடுத்தவன் சரி சரி என்றான், எழுதிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஒன்பதில் ஒரு கடைக்காரன் எழுதிக்கொண்டான், பையன் பிழைக்கட்டும் என்று துஆ செய்தான்.

ஏழில் முடியும் எண் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும்.

“விடுடி, நாளைக்குப் பார்க்கலாம்” என்றான் பெல்காசெம்.

“நாளைக்கா?” என்றாள் மொன்ஜியா. ஏழில் முடியும் அந்த எண்ணையே திரும்பவும் முதலிலிருந்து அழுத்த ஆரம்பித்தாள்.