ஃபேமிலி பிளானில் மிஞ்சிய இரண்டு பேர்

அரிசி மூட்டை விழுந்துதான் என் ஃபோன் உடைந்தது. ஐசலினில் நம்மூர்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, கார் டிக்கியில் ஃபோனை வைத்தவன் நான். அதை மறந்து இருபது பவுண்டு பொன்னி அரிசியை அதன் மேலேயே போட்டவனும் நான்தான். திரையில் பாதி கறுத்துப்போனது, மீதிப் பாதியில் பச்சைக் கோடுகள். அழைப்பை எடுக்கிற பொத்தான் கறுத்த பாதியில் மாட்டிக்கொண்டதால், மணி அடிக்கும்போதெல்லாம் நான் வேடிக்கை பார்த்தேன். ரிப்பேர் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளேயும் அடி பட்டிருக்கிறது, தேறாது என்றார்.

சனிக்கிழமை காலை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஃபோன் கம்பெனியின் கடைக்குப் போனேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகக் கையை விரித்தாள். மூன்று வருட கான்ட்ராக்டில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. மீதியைக் கட்டிவிட்டுப் பிளானை விட்டு வெளியேறலாம், அல்லது புது ஃபோன் வாங்கிப் புது கான்ட்ராக்ட் போடலாம். எதைச் செய்வதானாலும் அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சரி சொல்ல வேண்டும்.

"அவர் உங்கள் அண்ணனா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஃபேமிலி பிளான் என்றால் குடும்பம் என்று நினைக்கிற அப்பாவி. ஆமாம் என்றேன். விளக்கத் தெம்பில்லை.

எங்கள் குடும்பம் ஐந்து பேச்சிலர்கள் கொண்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தோம். கான்ட்ராக்ட் போடத் தேவையான சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இந்த அக்கவுண்ட்கார நண்பனிடம்தான் முதலில் இருந்தது, அதனால் அவன் பெயரில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே பிளான். கல்யாணம் ஆக ஆக ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவன் கலிஃபோர்னியா போனான், நான் இங்கேயே இருந்துவிட்டேன். ஆனாலும் பிளானை மாற்றச் சோம்பல்பட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம்.

அவனோடு நான் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. ஊரில் அப்பா ஐசியூவில் இருந்தபோது முதலில் அவனைத்தான் கூப்பிட்டேன். "இப்ப ஊருக்குப் போனா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிப்படா, திரும்பி வர முடியாது. அப்பா தேறிடுவார். ஒரு மாசம் பொறு" என்றான். பொறுத்தேன். நான்காம் நாள் அப்பா போய்விட்டார். தம்பி கொள்ளி வைத்ததை, இப்போது உடைந்து கிடக்கிற இதே ஃபோனில்தான் பார்த்தேன். அதன் பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. மாதா மாதம் என் பங்கை அனுப்புவேன், அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போடுவான். உண்மையைச் சொன்னால், போக வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு தலை தேவைப்பட்டது, அவன் தலை கிடைத்தது.

கூட வந்திருந்த மனைவி தன் ஃபோனை நீட்டினாள். "இதுலேர்ந்து கூப்பிடுங்க. எவ்ளோ நாள்தான் இப்படியே இருப்பீங்க?" என்றாள். பிளானிலிருந்து கழன்றுகொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும், இத்தோடு தலைமுழுகிவிட வேண்டும் என்ற முடிவோடு பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன். அங்கே காலை எட்டு மணி.

"ஹலோ?"

"நான்தான்."

அவசரமாக, "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான்.

"நல்லா இருக்காங்க. ஃபோன் உடஞ்சுடுச்சு, கடைல நீ ஓகே சொல்லணுமாம். அரிசி மூட்டைய மேல போட்டுட்டேன்."

"எத்தன பவுண்டு?"

"இருபது."

அவன் சிரிக்கவில்லை. முன்பு மாதிரி இருந்தால் ஒரு வாரம் ஓட்டியிருப்பான். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சரி, எனக்கு மெசேஜ் வரும், ஓகே அழுத்திடறேன்," என்றான். "எது வேணும்னு மட்டும் சொல்லு. லைன ரிலீஸ் பண்ணா நீ தனியா போயிடலாம், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். புது ஃபோன்னா இன்னும் மூணு வருஷம் இதுலயே கெடக்கணும்."

மாதா மாதம் பில்லில் என் பெயர் இருக்கிறதா என்று அவன் பார்த்திருப்பான் என்று அப்போதுதான் தோன்றியது. உன் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சண்டை போடவும் அலுத்துவிட்டது. சமாதானம் பேசவும் தெம்பில்லை.

"புது ஃபோனுக்கே ஓகே குடு," என்றேன்.

"மூணு வருஷம்டா. நடுவுல கழண்டுக்க முடியாது."

"தெரியும்டா," என்றேன்.