மேகம் கட்டிய நாளில் கொசு அக்கா

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கொசு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஊசி இறங்கியதே தெரியவில்லை, கொசு கடித்த மாதிரிதான் இருந்தது என்று எவரோ ஒரு நோயாளி சொல்லப்போக, பதினெட்டு வருடமாக அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு மூன்று வருடமாக ஓர் எதிரி, வானம். மேகம் கட்டினால் போதும், விரல் கணுக்கள் வீங்கி, விறைத்து, சொன்ன பேச்சைக் கேட்காது. மூட்டுவாதம் என்றார் மருத்துவர். "ஈரக் காத்து அடிக்கிற நாள்ல, வேலைக்கு முன்னாடி பத்து நிமிஷம் கையை வெதுவெதுப்பான தண்ணியில வைங்கம்மா. மெதுவா மடக்கி நீட்டுங்க. அவ்வளவுதான்." பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். மற்றவர் உடம்பைப் பார்க்கிற வேலையில் இருக்கிறவர்கள் தங்கள் உடம்பை எங்கே பார்த்தார்கள், இவள் மட்டும் பார்த்துக் கிழிக்க!

அன்று ஜன்னலைத் திறக்கும் முன்பே விரல்கள் சேதி சொல்லிவிட்டன. பற்பசையின் மூடியைத் திருக முடியவில்லை. கணவர் வாங்கித் திறந்து கொடுத்தார்.

"இன்னிக்கு லீவு போட்டுட்டு கையைக் கொஞ்சம் கவனியேன்."

"அப்புறம் மேகம் போடுற நாளெல்லாம் லீவா? என்னையும் தூக்கி ஸ்டோர் ரூம்ல போட்டுடுவாங்க."

அது வீண் பயம் இல்லை. கை நடுங்குகிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஒருவரைப் போன வருடம்தான் ஸ்டோர் ரூமில் பஞ்சுப் பெட்டி அடுக்க உட்கார வைத்தார்கள். பாவம், இன்னும் அங்கேதான் இருக்கிறார். அதனால் இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மழை நாட்களிலும் எப்படியோ ஒப்பேற்றி வந்தாள், ஒரு குத்துகூடத் தப்பாமல்.

அன்றைக்கு எல்லாமே தப்பியது. டோக்கன் மேஜையில் வழக்கமாக இருக்கும் பெண் விடுப்பில் போயிருந்தாள், வேறொருவர் வரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் வந்த பெரியவரின் நரம்பு நழுவிக்கொண்டே போனது. இரண்டு குத்துக்குமேல் ஒருவர் முயலக் கூடாது என்பது அங்கே விதி. இரண்டாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அடுத்து வந்த பருமனான பெண்ணுக்கு இரண்டுமே தப்பி, பக்கத்து நாற்காலிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. "கொசுவுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். முடிந்தது, கை ஒரேயடியாகப் போய்விட்டது என்று நினைத்தாள்.

மூன்றாவதாக ஒரு தாய் எட்டு மாதக் குழந்தையோடு உட்கார்ந்தாள். கொழுகொழுவென்ற கை, நரம்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

கொசு அக்கா ஒரு திருட்டு வேலை செய்தாள். கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர்கள் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம் அது. கையுறையின் சுட்டுவிரல் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு வெறும் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மரக்கட்டையால் தடவுவதுபோல் இருந்தது.

"ஒரே தடவைல எடுத்துடுவீங்கல்ல சிஸ்டர்?" என்றாள் தாய். "போன தடவை நாலு இடத்துல குத்திட்டாங்க. ராத்திரியெல்லாம் அழுதுது."

ஊசி கையில் இருந்தது. ஸ்டோர் ரூமும் கண்முன்னே இருந்தது. குழந்தை அவளைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. ஊசியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பத்து நிமிஷம் குடும்மா. என் கை இன்னிக்குச் சரியில்ல."

சொல்லிவிட்டாள். அதுவும் எல்லோர் காதிலும் விழும்படி. கையுறையைக் கழற்றி, மூலையில் இருந்த தொட்டியில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் அதில் வைத்தாள். மேற்பார்வையாளர் எழுந்து வந்தார்.

"என்னம்மா இது, வரிசை நிக்குது?"

"மேகம் போட்டா விரல் மடங்காது சார். மூணு வருஷமா இப்படித்தான். பத்து நிமிஷம் வெந்நீர்ல வெச்சா சரியாகும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

அவர் குழாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது. விரல்களை மெல்ல மடக்கினாள், நீட்டினாள். வலி ஒவ்வொரு கணுவாக இளகியது. பயம் மட்டும் இளகவில்லை.

திரும்பி வந்து, கை துடைத்து, சூடு ஆறுவதற்குள் குழந்தையின் முழங்கை மடிப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதகதப்பில் நரம்பு கொஞ்சம் எழும்பி வந்தது. புதுக் கையுறை போட்டுத் தடவினாள். இந்த முறை நுனியைக் கிள்ள வேண்டியிருக்கவில்லை. ஒரே குத்து. ரத்தம் குழாயில் ஏறிய பிறகுதான் குழந்தைக்கு அழ நினைவு வந்தது.

மதியம் டோக்கன் பெண் போனில் அழைத்தாள்.

"அக்கா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே? வானத்தைப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. நான் வேற லீவு."

"நீ லீவுன்னா எனக்கென்ன?"

"மேகம் போடுற நாள்ல நல்ல நரம்பு இருக்கிறவங்களாப் பாத்துத்தான் உங்க நாற்காலிக்கு அனுப்புவேன். கோச்சுக்காதீங்கக்கா. நீங்க பேனா பிடிக்கிறதைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தப்பாத குத்து என்று தான் பெருமைப்பட்டதெல்லாம் யாரோ பொறுக்கிக் கொடுத்த கைகள். அழுகையும் வந்தது. மேற்பார்வையாளர் அறைக் கதவு மூடியே இருந்தது, உள்ளே என்ன முடிவாகிறதோ தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மேகம் கலைகிற மாதிரி இல்லை.

"நாளைக்கு வருவியா?" என்றாள்.

"வருவேன்க்கா."

"நாளைக்கும் மேகம்தான். கஷ்டமான கை வந்தா எனக்கே அனுப்பு. பத்து நிமிஷம் முன்னாடி மட்டும் சொல்லிடு, நான் கையைத் தண்ணியில வைக்கணும்."