பால் லாரி ஹாரனும் மெரிகல் கப்பும்

இப்ப நான் சொல்லப்போறது அத்தனையும் நிசம். ஒரு சொட்டு தண்ணி கலக்கல. நோலீன், நீ அந்த கிளாஸைத் துடைக்கிறதை நிறுத்திட்டு கேளு.

சரி சரி, முறைக்காதீங்க. கொஞ்சம் கலந்திருக்கேன். ஹாரன் சத்தத்தை ரெண்டு மைல் நீட்டியிருப்பேன், கெல் டிரேட்டனோட வாயை நாலு மைல் நீட்டியிருப்பேன். ஆனா ஸ்கோர்ல மட்டும் கை வைக்க மாட்டேன். ஸ்கோர்ல பொய் சொன்னவனுக்கு இந்த மெரிகல் கிளப்புல பீரும் கிடையாது, உக்கார ஸ்டூலும் கிடையாது.

கெல் யாருன்னு தெரியாதவங்க இங்க ரெண்டு பேர் இருக்கீங்க, அதனால சொல்றேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பேரிக்கா தோட்டம் அவரோடது. அறுபத்தஞ்சு வயசு. ஆள் பாக்க வேலிக்கம்புக்குத் தொப்பி மாட்டின மாதிரி இருப்பாரு. அந்தக் கம்புக்குள்ள எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வருமோ! அவர் அம்பயரைப் பாத்து ஒரு தடவை கத்துனா, மூணு தோட்டம் தள்ளி பிஞ்சுப் பேரிக்கா பழுத்து விழும்.

கத்தறது பாதிதான். மீதி ஃபுட்டியைப் பத்தின அபிப்பிராயம். புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன், ஃபுட்டின்னா நம்ம ஆஸ்திரேலியா ஆட்டம், முட்டை மாதிரி பந்தைக் கையால பிடிச்சுக் காலால அடிக்கறது. 'என்ன கெல், சௌக்கியமா'ன்னு கேட்டுட்டீங்கன்னா தொலைஞ்சீங்க.

"கோலிங்வுட்டா? அந்த டீமுக்குக் கத்துறவன் நூறு பேரை வரிசையா நிக்க வச்சு வாயைத் திறக்கச் சொல்லு. மொத்தம் நாப்பது பல்லு தேறினா என் தோட்டத்தை எழுதி வைக்கிறேன்."

"மெல்பர்ன் டீமா? ஜூலையில மலையில பனி விழுந்ததும் ரசிகனெல்லாம் சறுக்கி விளையாடப் போயிடுவான். கிரவுண்டுல கடல்புறா மட்டும் உக்காந்து கைதட்டும்."

அவரோட சொந்த டீம் செயின்ட் கில்டா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறுல ஒரே ஒரு தடவை கப்பு. அந்த டீமைப் பத்தி மட்டும் கெல்லுக்கு அபிப்பிராயமே கிடையாது. பெருமூச்சு ஒண்ணுதான்.

ஆனா சாக்கர்னு யாராவது வாயைத் திறந்தா அவருக்கு மூச்செல்லாம் திரும்பி வந்துடும்.

"அது ஒரு ஆட்டமாய்யா? தொண்ணூறு நிமிஷம் ஓடி, ஒரு கோலும் இல்லாம, சட்டையை மாத்திக்கிட்டு வீட்டுக்குப் போறானுங்க. அந்த நேரத்துக்கு என் மாடு மேஞ்சிருந்தா ஒரு கிலோ ஏறியிருக்கும். மான்செஸ்டர்காரனுக்குக் காத்து பட்டா கால் உடையுது. ஸ்ட்ரெச்சரைப் பாத்ததும் கால் கூடிப்போவுது. அதை விடு. மணி என்னன்னு எவனுக்காவது தெரியுதா? நடுவர் வாட்சுல மட்டும் இருக்கு. அவன் பொண்டாட்டிகிட்ட கூட சொல்ல மாட்டான். அவனுக்கா எப்பத் தோணுதோ அப்ப விசிலு. நம்ம ஆட்டத்தைப் பாரு. டைம் பாக்க ரெண்டு ஊர்லேருந்தும் ஒவ்வொரு ஆளு, ஒரே கூண்டு, ஒரே கடிகாரம், ஒரே சைரன். செத்தவனுக்கும் கேக்கும். சைரன் அடிச்சா முடிஞ்சுது. இதுல சூது கிடையாது, வாது கிடையாது."

இந்த சைரன் பேச்சை மனசுல வச்சுக்கங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால பிப்ரவரி மாசம், வெயில் மண்டையைப் பொளக்குது, புது ஆளுங்களைப் பாக்க பயிற்சி வச்சிருந்தாங்க. பெஸ்னிக்னு ஒரு பையன் வந்தான். அல்பேனியாக்காரங்க குடும்பம், மூணு தலைமுறையா இங்கதான் பீச் பழம் போடறாங்க. இருபத்திரெண்டு வயசு, முயல் மாதிரி ஓடுவான். ஆனா சின்னதுலேருந்து சாக்கர்தான். பந்து தரையில வந்தா குனிஞ்சு எடுக்க மாட்டான், காலாலயே தட்டிக்கிட்டுப் போவான்.

கெல் வேலியில சாஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"ஏம்ப்பா, கை எதுக்கு இருக்கு? டீ கலக்கவா?"

"பழக்கம் மிஸ்டர் டிரேட்டன். மாத்திக்கிறேன்."

"எப்ப ஓட்டத்தை நிறுத்தணும்னாவது தெரியுமா?"

"விசில் ஊதினா. எங்க மாமா அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. விசில் வர்ற வரைக்கும் பந்துக்கு உசிரு இருக்குன்னு."

"மாமாவா! டேய், இங்க மாமா ஆட்டமெல்லாம் கிடையாது. இங்க சைரன். போய் உன் உருண்டைப் பந்தை உருட்டு, போ."

வேலி முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சேன், ஒளிக்கல. பையன் சிரிச்சுக்கிட்டேதான் ஷூவைக் கழட்டிப் பையில போட்டான். அடுத்த வாரம் பதினாலு கிலோமீட்டர் தள்ளி டரூங்கா டீம்ல சேந்துட்டான்.

கெல்லோட மகன் டேமியன்தான் நம்ம கேப்டன். முப்பத்திநாலு வயசு, ரெண்டு முட்டியும் கத்தி வச்சது. அவன் அப்பாவை மாதிரி இல்ல, வருஷத்துக்கு எட்டு வார்த்தை பேசினா அதிகம். அன்னிக்கு அதுல நாலை செலவு பண்ணான்.

"அப்பா, அவன் வேணும் நமக்கு."

அதுதான் டேமியனுக்குக் கடைசி வருஷம். அக்டோபர்ல கத்தி திரும்ப வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மெரிகல் கப்பு வாங்கி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. கெல் ஒம்பது வருஷம் ஆடினாரு, கப்பு இல்ல. டேமியன் பதினாறு வருஷம், கப்பு இல்ல. கெல்லுக்கு இந்த உலகத்துல வேற எதுவும் வேணாம். மகன் முட்டி மடங்குறதுக்குள்ள அவன் கையில அந்தக் கப்பைப் பாக்கணும். அவ்வளவுதான்.

ஆனா வாய் சும்மா இருக்குமா? மே மாசம் அம்பயர் வாரிக்கைப் பாத்து என்னமோ சொல்லிட்டாரு. என்ன சொன்னாருன்னு நோலீன் எதுக்க சொல்ல மாட்டேன். வாரிக் நல்ல மனுஷன், ஸ்கூல் பஸ் ஓட்டறவரு, பன்னெண்டு வருஷமா கெல்கிட்ட திட்டு வாங்கி வாங்கி அவருக்கு ஒரு பழக்கமே வந்துடுச்சு: எந்த முடிவு குடுத்தாலும் உடனே திரும்பி கெல்லைத்தான் பாப்பாரு, என்ன வரப்போவுதுன்னு. இனிமே எதையும் தாங்க மாட்டேன்னு அந்தத் தடவை ஆட்டச் சங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு. தீர்ப்பு வந்துச்சு: சீசன் முடியற வரைக்கும் ஆட்டம் பாக்க வந்தா கெல் காரை விட்டு இறங்கக்கூடாது. கண்ணாடியும் ஏத்தியே இருக்கணும்.

நம்ம பக்கம் கிரவுண்டைச் சுத்திக் காரை நிறுத்தி உள்ள உக்காந்து பாக்கறது புதுசா என்ன? கோல் விழுந்தா ஹாரன் அடிப்போம், அதான் கைதட்டு. ஆனா கெல்லுக்கு அது ஜெயிலு. அவரு சம்சாரம் கிளெனிஸ் பக்கத்து சீட்டுல ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு காவல். முதல் வாரமே கெல் கண்ணாடியை இறக்கப் பாத்தாரு. கிளெனிஸ் என்ன பண்ணா தெரியுமா? கண்ணாடி இறக்குற கைப்பிடியை ஸ்பேனரால கழட்டி, கம்பளி நூல் வச்சிருந்த ஊல் பையில போட்டுக்கிட்டா. ரெண்டு கதவோடதும். அந்த சீசன் பூரா கெல் கண்ணாடிக்குள்ள வாயைத் திறந்து திறந்து மூடுவாரு, தொட்டியில போட்ட மீன் மாதிரி. கண்ணாடியில ஆவி படியும். அதுல விரலால கெட்ட வார்த்தை எழுதுவாரு. கிளெனிஸ் துடைப்பா.

வாயை அடைச்சா என்ன, டீம் ஏறிடுச்சு. செப்டம்பர்ல ஃபைனல். எதிர்ல யாரு? டரூங்கா. பெஸ்னிக் அவங்க முன்வரிசையில நிக்கிறான்.

வியாழக்கிழமை கெல் பழைய இரும்புக் கடைக்குப் போயி, உடைச்சுப் போட்ட பால் டேங்கர் லாரியிலேருந்து ஒரு ஹாரன் வாங்கினாரு. நீளம் என் கை அளவு. ராவோட ராவா காருல மாட்டினாரு. கிளெனிஸ் கேட்டா.

"இது எதுக்கு?"

"ஒரே ஒரு தடவை அடிக்கத்தான். சைரன் அடிச்சதும், டேமியனுக்காக. நான் கத்த முடியாதுல்ல? அவன்கிட்ட சொல்லாத."

கிளெனிஸ் கண்ணைத் துடைச்சுக்கிட்டான்னு நான் சொல்லுவேன், அது நீட்டினதா இல்லையான்னு நீங்களே பாத்துக்கங்க.

ஃபைனல் மூணாவது ஊரு கிரவுண்டுல. அந்த ஊரு சைரன் எப்படிக் கத்தும்னு நம்ம பசங்களுக்கும் தெரியாது, அவங்க பசங்களுக்கும் தெரியாது. டைம் பாக்குற கூண்டுல நம்ம சார்பா லெஸ், இதோ மூலையில பீரை முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, இவன்தான். அவங்க சார்பா டரூங்கா தபாலாபீஸ் அம்மா ஒருத்தங்க.

ஆட்டத்தை முழுசா சொன்னா விடிஞ்சுடும். கடைசிக்கு வர்றேன். நாம எழுபத்தி நாலு, அவங்க எழுபத்தி ஒண்ணு. மூணே பாயிண்ட் முன்னால. அவங்க ஒரு கோல் போட்டா ஆறு, நாம காலி. கெல் காருல டேஷ்போர்டு கடிகாரத்தைப் பாத்துப் பாத்து அதுவே தேஞ்சு போச்சு. மடியில வச்ச கறி அடைச்ச மீட் பை ஐஸ் மாதிரி ஆறிக் கிடக்கு, சாஸ் பூரா பேன்ட்டுல.

"இன்னும் எவ்வளவு?"ங்கிறாரு.

"முடிஞ்சிருக்கணும். ஹாரன்லேருந்து கையை எடு"ங்கிறா கிளெனிஸ்.

டரூங்காக்காரன் ஒருத்தன் நம்ம கோல் வாய்க்குத் தூக்கி அடிக்கிறான். பத்து பேர் எகிறுறானுங்க. அத்தனை பேர் தலைக்கும் மேல, ரெண்டு கெட்ட முட்டியை வச்சுக்கிட்டு டேமியன் எழும்பி, பந்தை நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சான்! பறந்தான்னே சொல்லுவேன். தரையைத் தொடாம பிடிச்சா பந்து நம்மளது, நிதானமா நின்னு அடிக்கலாம், ஆட்டம் முடிஞ்ச மாதிரி.

வாரிக் ரெண்டு கையையும் விரிக்கிறாரு: வர்ற வழியில எவன் விரலோ பந்துல பட்டுடுச்சு, பிடிச்சது செல்லாது, ஆட்டம் தொடரட்டும்னு.

கெல் வாயைத் திறந்தாரு. கண்ணாடி. கதவைப் பாத்தாரு. தடை. நாலு மாசமா உள்ள அடைச்சு வச்சது அத்தனையும் கையில இறங்கி, ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்கை ஓங்கி அடிச்சாரு.

பால் லாரி கத்துச்சு பாருங்க! மெல்பர்ன் துறைமுகத்துல கப்பல் ரெண்டு திரும்பிப் பாத்துச்சாம்.

கிரவுண்டே சைரன்னு நினைச்சுடுச்சு. நம்ம பசங்க கையைத் தூக்கிட்டானுங்க. டரூங்கா பசங்க முட்டியில கையை வச்சுத் தலையைத் தொங்கப் போட்டானுங்க. சனம் வேலியைத் தாண்டுது. டேமியன், பதினாறு வருஷம் கழிச்சு, வாழ்க்கையில முதல் தடவையா, வாயைத் திறந்து கத்துனான். கத்திக்கிட்டே பந்தை வானத்துக்கு வீசி எறிஞ்சான்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அது சைரன் இல்லன்னு தெரியும். வாரிக். முடிவு குடுத்த கையோட பழக்கம் போலத் திரும்பி கெல்லோட காரைப் பாத்திருக்காரு. அவர் கை ஸ்டீரிங்ல விழறதையும் பாத்துட்டாரு. விசிலை வாய்க்குக் கொண்டு போவல.

கெல்லுக்குப் புரிஞ்சு போச்சு. "நான்தான்! அது நான்தான்டா! பந்தைப் புடிடா டேமியன்!"னு கண்ணாடியில குத்துறாரு. ஒரு எறும்புக்குக் கேக்கணுமே. கதவைத் தள்ளுறாரு, வெளிய சனம் முண்டியடிச்சு நிக்குது, திறக்கல. "கைப்பிடி! கைப்பிடியைக் குடுடி!" கிளெனிஸ் ஊல் பையைக் கவுத்துக் கொட்டறா, நூல்கண்டுதான் உருளுது. கையில இருக்கிறது ஹாரன் ஒண்ணுதான். அதை வச்சுத்தான் எச்சரிக்க முடியும். திரும்ப அடிச்சாரு. அதைக் கேட்டு, சைரன்தான்னு நம்பாம இருந்த நாலு பேரும் நம்பிட்டானுங்க.

பந்து கீழ விழுந்து, ஒரு குதி குதிச்சு, பெஸ்னிக் கால்கிட்ட போய் நின்னுச்சு. அவன் வாரிக்கைப் பாத்தான். விசில் இல்ல. பந்தைப் பாத்தான். அவங்க மாமா சொன்ன மாதிரி அதுக்கு உசிரு இருந்துச்சு. கை வைக்கல. குனியவும் இல்ல. சும்மா, வாசல்ல கிடக்குற செருப்பை ஓரமா தள்ளுற மாதிரி, காலால ஒரு தட்டு. கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்ன நம்ம பசங்க ரெண்டு பேர் காலுக்கு நடுவுல உருண்டு, ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல நடந்து போச்சு.

கோல் அம்பயர் ரெண்டு கொடியையும் ஆட்டறாரு. அப்பத்தான், எல்லாம் முடிஞ்ச பிறகு, நிசமான சைரன். கோழிக்குச் சளி புடிச்ச மாதிரி ஒரு சத்தம். எழுபத்தி ஏழு, எழுபத்தி நாலு.

நாம போய்ச் சண்டை போட்டோம், முறையிட்டோம். 'எது சைரன், எது பால் லாரின்னு எனக்குத் தெரியும்'னுட்டாரு வாரிக்.

பெஸ்னிக் கழுத்துல மெடலோட நேரா கெல் காருக்குத்தான் வந்தான். கிளெனிஸுக்கு அப்பத்தான் கைப்பிடி கிடைச்சுது, மாட்டிக் கண்ணாடியை இறக்கினா.

"மிஸ்டர் டிரேட்டன், விசில் வரல. அதான்…" பையன் மன்னிப்புக் கேக்குற மாதிரி நிக்கிறான்.

கெல் வாயைத் திறந்தாரு. சாக்கரைப் பத்தி நாப்பது வருஷ அபிப்பிராயம் இருக்கு அந்த வாய்ல. மூடிக்கிட்டாரு.

அப்புறம் டேமியன் நொண்டிக்கிட்டு வந்தான். கதவுல கையை ஊனி நின்னான்.

"அப்பா. அது நீயா?"

கெல் ஆமான்னு தலையை ஆட்டினாரு.

"எதுக்குப்பா அவ்ளோ பெரிய ஹாரன்?"

"உனக்குத்தான்டா" அப்படின்னாரு கெல். டேமியன் ஜன்னல் வழியா கையை விட்டு, அப்பாவோட ஆறிப்போன மீட் பையைப் பாதி பிச்சு வாயில போட்டுக்கிட்டுப் போனான். ஹாரன் இப்ப கோழிக்கூண்டு மேல கிடக்கு. கோழி கூட அதுல உக்காராது.

அவ்வளவுதான் கதை. கெல் மேலதான் தப்புன்னு ஊரே சொல்லுது, அவரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு…

"கெல் மேல இல்ல" அப்படின்னான் லெஸ், மூலையிலேருந்து. பீரை விட்டுத் தலை நிமிரல.

"என்னடா சொல்ற?"

"டைம் முன்னாலயே முடிஞ்சுது. டேமியன் பந்தை எறியறதுக்கு முன்னாலயே. அமுக்கலாம்னு சைரன் பட்டனுக்குக் கையை நீட்டினேன், ஹாரன் கத்துச்சு. அந்தத் தபாலாபீஸ் அம்மா அமுக்கிட்டாங்கன்னு நினைச்சுக் கையை எடுத்துட்டேன். நான் அமுக்கிட்டேன்னு அவங்க நினைச்சுட்டாங்க. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம், கோல் விழுந்தப்புறம்தான் அமுக்கினோம்."

நோலீன் கையிலேருந்து கிளாஸ் விழுந்துச்சு.

"அடப்பாவி! ரெண்டு வருஷமா இதை வாய்க்குள்ளயா வச்சிருந்த?"

"அப்ப கப்பு நம்மளது! நாளைக்கே போய்க் கேக்கணும்!"

"எவன்டா கேக்கறது? நடுவர் முடிவு குடுத்தா குடுத்ததுதான். கோல் கோல்தான்."

"யார்ரா அவன்? டரூங்காக்காரன்டா இவன்! இவனுக்கு யார் பீர் ஊத்துனது?"

"கை எடு, சட்டையை விடு…"

"தப்பு கிளெனிஸ் மேல! கைப்பிடி மட்டும் இருந்திருந்தா…"

"எங்க அத்தையைச் சொன்ன, பல்லு இருக்காது!"

"ஸ்டூலைக் கீழ வை! ஏய் லெஸ், எங்கடா ஓடற? கதவைச் சாத்துங்கடா!"