அடுப்பு ஊதிய மூச்சு

ஊதுவதில் என்னை மிஞ்ச பாகூரில் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கடைத்தெருவில் எனக்கு ஒரு இட்லிக் கடை. விடிவதற்குள் அடுப்பு பற்றியாக வேண்டும். மழையில் நனைந்த சவுக்கு விறகு லேசில் பிடிக்காது. இரும்பு ஊதுகுழலை வாயில் வைத்து, நடுவில் நிறுத்தாமல் நீளமாக ஊதுவேன். "அக்கா ஊதி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு வில்லியனூரே போயிடும்பா" என்று காத்திருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு இருமல் வந்தது. மாவுக் குண்டானைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. வயதானால் அப்படித்தான் என்று தள்ளிப்போட்டேன். கடையில் எனக்குத் துணையாக இருக்கும் மகள் விடவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. எடுத்த எடுப்பில், "பீடி, சிகரெட்டு பழக்கம் உண்டாம்மா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எங்க வூட்ல ஆம்பளைங்களே தொட்டதில்ல. என்னப் பாத்து இன்னா கேள்வி இது?"

அவள் சிரித்துவிட்டு, மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னாள். குழாயா, என்னிடமா? முழுசாக மூச்சை இழுத்து ஊதினேன். ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸே அசந்துபோயிருப்பாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"நல்ல நுரையீரல்னா முதல் ஒரு செகண்டிலேயே காத்து பெரும்பாலும் வெளிய வந்துடும்மா. உங்களுக்கு இவ்ளோ நேரம் வருதே, அதுதான் வியாதி. உள்ள குழாயெல்லாம் சுருங்கிப் போச்சு. பீடி வேணாம், அடுப்புப் புகையே போதும்."

நான் பெருமைப்பட்டதே என் வியாதியாக இருந்திருக்கிறது.

மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் பொடிப்பொடிக் காற்றுப் பைகளில் போய் முடிகிறதாம். அந்தப் பைகளின் மெல்லிய சுவர் வழியாகத்தான் நல்ல காற்று ரத்தத்துக்குப் போகும், ரத்தத்திலிருக்கும் கெட்ட காற்று வெளியே வரும். எனக்குப் பழைய காற்று வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்காவிட்டால் ஏறுகிறவர்களுக்குப் பஸ்ஸில் ஏது இடம் என்று நானே புரிந்துகொண்டேன். கெட்டுப்போன பைகள் திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றாள் டாக்டரம்மா. இன்ஹேலர் கொடுத்தாள். மூச்சு முட்டினால் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடச் சொன்னாள். நல்லவேளை, அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"விறகடுப்ப விட்டுடுங்க" என்றும் சொன்னாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதுதான் மருந்து இருக்கிறதே, அடுப்பும் இருந்துவிட்டுப் போகட்டும் என்ற திமிர். கேஸில் வெந்த இட்லியை எவன் தின்பான்?

மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் மகள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். புகை மண்டிக் கிடந்தது. என் ஊதுகுழல் அவள் வாயில் இருந்தது.

"நீ போய் உக்காரும்மா, இனிமே நான் ஊதறேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். சின்ன இருமல்தான். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

இட்லிப் பானைக்கு வைத்திருந்த தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினேன். புகை குப்பென்று கிளம்ப, அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். எனக்கு மூச்சு முட்டியது. உதட்டைக் குவித்து, இல்லாத குழலை ஊதுகிறவளைப் போல மெதுவாக விட்டேன்.

"இன்னாமா இப்டி பண்ணிட்ட? கேஸு அடுப்பு வாங்கறதுக்குள்ள மாவெல்லாம் புளிச்சிப் பூடுமே?"

"புளிக்கட்டும்டி" என்றேன், மூச்சு திரும்பியதும். "நீ இருமக் கூடாது."