ஆட்டின் காதை அளந்தவர்கள்

எனக்கு இன்னும் ஆறவில்லை. சம்பந்தப்பட்ட ஆண்களில் பாதிப்பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், மீதிப்பேருக்கு ஞாபகம் போய்விட்டது. ஆனாலும் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கரிசல் காடும் கருவேலமும் வெயிலோடு வெயிலாக ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பெரியத்தா, அதாவது அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் அண்ணன், சவுதியிலிருந்து திரும்பி வந்திருந்தார். ஒரு டேப் ரிக்கார்டர், அத்தர் சீசாக்கள், தைலம், கலர் கலராக மிட்டாய், கூடவே ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி. மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் பங்கு போட்டுத் தீர்ந்தது. ஹதீஸ் மட்டும் தீரவில்லை. அல்லாஹ் ஏழு வானங்களுக்கும் மேலே, அர்ஷ் என்னும் அரியாசனத்துக்கு மேலே இருக்கிறான், எங்கும் நிறைந்தவன் என்று நம் ஊரில் பாடுவதெல்லாம் தப்பு என்பது பெரியத்தாவின் கட்சி. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஜரத்துக்கு அது பிடிக்கவில்லை. ஊரே இரண்டாகப் பிரிந்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டது.

“அப்ப கக்கூஸுலயும் இருக்கானா? சொல்லுங்க அஜரத்து” என்பார் பெரியத்தா.

“நாக்கக் கழுவுங்க பாய். உலகம் உருண்டைன்னு மூணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும். நீங்க காட்டுற மேலுக்கும் அமெரிக்காக்காரன் காட்டுற மேலுக்கும் எவ்வளவு தூரம்? அதச் சொல்லுங்க மொதல்ல” என்பார் அஜரத்.

இந்த வழக்கில் நான்தான் பெரியத்தாவின் சாட்சி. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார். “அல்லாஹ் எங்க இருக்கான்?” நான் சுட்டுவிரலைக் கூரையை நோக்கி உயர்த்துவேன். “பாத்தீங்களா? பச்சப்புள்ளைக்குத் தெரியுது!” உள்ளங்கையில் ஒரு மிட்டாய் விழும். பிறகு கதை சொல்வார். ஒரு அடிமைப் பெண்ணிடம் நபிகள் நாயகம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் வானத்தில் என்றாள். நான் யார் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் தூதர் என்றாள். இவளை விடுதலை செய்துவிடு, இவள் நம்பிக்கையாளர் என்று அவளுடைய எசமானனிடம் சொன்னார்கள். அவ்வளவுதான் கதை. எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடிக்கும். சரியான பதில் சொன்னால் எனக்கு மிட்டாய், அவளுக்கு விடுதலை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அக்காவை யாரும் கேள்வி கேட்பதில்லை. அக்காவுக்கு வேலை இருந்தது. பக்ரீதுக்குக் குர்பானி கொடுப்பதற்காகப் பெரியத்தா சந்தையில் பிடித்து வந்த செங்கிடாயை மேய்ப்பது அவள் பொறுப்பு. குர்பானி ஆட்டில் ஒரு குறை இருக்கக் கூடாது. கொம்பு முறியக் கூடாது, கால் நொண்டக் கூடாது, காது அறுபடக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக்கூட அப்படிப் பாதுகாப்பு கிடையாது. அக்கா அதைக் கொல்லைக்குப் பின்னால் கருவேலங்காட்டில் மேய்த்து, முள் பட்டதா என்று கால் காலாகத் தூக்கிப் பார்த்து, சாயங்காலம் ஓட்டி வருவாள்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பெரியத்தா அஜரத்தையும் தன் கட்சி, எதிர்க்கட்சி ஆட்களையும் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். இன்றைக்குப் பேசி முடித்துவிடுவது என்று முடிவு. அம்மா வெங்காய வடை சுட்டுக்கொண்டிருந்தாள். டீக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. பெரியத்தா என்னை விரட்டினார்.

நான் கொல்லைக்கு ஓடினேன். “அக்கா, டீ போடணுமாம். பெரியத்தா ஒடனே வரச் சொன்னாரு.”

“ஆட்ட யாருடி பாக்குறது? நாயி சுத்திக்கிட்டுக் கெடக்கு.”

“கட்டிப் போட்டுட்டு வரச் சொன்னாரு.”

கட்டிப் போட்டாள். டீ போட்டாள். வானம் எத்தனை, அர்ஷ் எவ்வளவு பெரியது, அதைச் சுமக்கும் மலக்குகள் என்னும் வானவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உள்ளே குரல்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, கொல்லையில் ஆடு கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். கட்டியிருந்ததால் ஆட்டால் தப்பி ஓட முடியவில்லை. நாய்களைக் கல்லால் அடித்து விரட்டிவிட்டு, இடது காது பிய்ந்து தொங்கிய கிடாயை அணைத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தாவணியெல்லாம் ரத்தம்.

பெரியத்தா எழுந்து வந்தார். காதைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அக்காவை அறைந்தார். நான் அதுவரை அப்படியொரு சத்தம் கேட்டதில்லை. துணி துவைக்கும் கல்லில் ஈரத்துணி விழுந்தது மாதிரி.

“ஆட்ட விட்டுட்டு இங்க என்னடி வேல ஒனக்கு?”

நீங்கள்தானே கூப்பிட்டீர்கள் என்று அந்த வாசலில் ஒருத்தரும் சொல்லவில்லை. டீ டம்ளர் எல்லோர் கையிலும் இருந்தது. அம்மா அடுப்படி வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். அத்தாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் பெரியத்தா. அத்தா அப்போது ரியாத்தில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் வாயை அந்தக் கடையிலேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது. பெரியத்தாவும் அஜரத்தும், மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இருவரும், ஆட்டுக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தார்கள். ஒருவர் காதைப் பிடிக்க, மற்றவர் விரலால் அளந்தார்.

“மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருச்சே பாய். கூடாது. வேற ஆடு புடிங்க.”

“நல்லாப் பாருங்க அஜரத்து. இந்தத் தோலையும் சேத்து அளங்க.”

எவ்வளவு பொறுமை! எவ்வளவு நுணுக்கம்! அந்த ஆட்டின் காதை அவர்கள் இரண்டு முறை அளந்தார்கள். பக்கத்திலேயே தூணில் சாய்ந்து, இடது காதைப் பொத்திக்கொண்டு அக்கா நின்றாள். அவள் விரலிடுக்கில் ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காதை யார் அளந்தார்கள்? அன்றிலிருந்து அவளைக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்துத்தான் கேட்பாள். மாப்பிள்ளை வீட்டார் அதை நாணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அளந்து முடிந்து கை கழுவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி வானத்துக்கு ஏறினார்கள். பெரியத்தா நிமிர்ந்து உட்கார்ந்து அந்த ஹதீஸை முதலிலிருந்து அரபியில் ஓதினார். நல்ல குரல் அவருக்கு. எல்லோரும் தலையசைத்தார்கள். தமிழில் வழக்கம்போல் கேள்வியிலிருந்து தொடங்கினார். முடித்ததும் சாட்சி தேவைப்பட்டது. நான் எழுந்தேன். அவரோ, அறை வாங்கியவளைச் சமாதானம் செய்கிற நினைப்பிலோ என்னவோ, அக்காவைப் பார்த்தார்.

“இந்தா, நீ சொல்லு புள்ள. அல்லாஹ் எங்க இருக்கான்?”

அக்கா விரலைத் தூக்கவில்லை.

“எங்க இருந்தாலும் பாத்துக்கிட்டுத்தான பெரியத்தா இருந்திருப்பான்” என்றாள்.

அஜரத் தொடையைத் தட்டினார். “கேட்டீங்களா! எங்க இருந்தாலும்னு சொல்லுது. இது நம்ம கட்சி!”

“அட நீங்க வேற. பாத்துக்கிட்டுன்னா? மேலேருந்தாத்தான பாக்க முடியும்! எங்க வூட்டுப் புள்ள அஜரத்து இது!”

சிரித்தார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. பெரியத்தா பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டினார். அக்கா வாங்காமல் ஆட்டுக்கு மஞ்சள் அரைக்க உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. விரலைத் தூக்கினால் முடிந்தது, இவ்வளவு சுலபமான கேள்விக்கு இப்படிப் பதில் சொல்லி மிட்டாயைக் கெடுத்துவிட்டாளே என்று.

கல்யாணமாகி, எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அந்த ஹதீஸைத் தமிழில் முழுதாகப் படித்தேன். அது கேள்வியில் தொடங்கவில்லை. ஒரு பெண் ஆடு மேய்க்கிறாள். ஓநாய் வந்து ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. எசமானன் கோபத்தில் அவளை அறைந்துவிடுகிறான். அறைந்தவனுக்கு மனம் கேட்கவில்லை. தானே நபிகளிடம் போய்ச் சொல்கிறான். அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவர்கள் அவனுக்கு உணர்த்துகிறார்கள். அவளை விடுதலை செய்துவிடட்டுமா என்று அவன் கேட்கிறான். அதற்குப் பிறகுதான் அவளை அழைத்து வரச் சொல்கிறார்கள், அதற்குப் பிறகுதான் வானம்.

பெரியத்தாவுக்கு அரபி தெரியும். அன்று மாலை எங்கள் வாசலில், அக்காவின் கன்னத்தில் விரல் தடம் மறையும் முன்பே, ஆட்டையும் ஓநாயையும் அறைந்ததையும் ஒன்றுவிடாமல் அரபியில் இனிமையாக ஓதினார். நானும் மற்றவர்களோடு தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.