சாக்கடை வாயை அடைத்த நாள்

எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்திருக்கும். மேலத்தெருவில் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரெல்லாம் சாக்கடையில் இறங்கி, கீழத்தெருவில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் குட்டையாகத் தேங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாற்றத்தோடுதான் சோறு தின்றேன். பொழுது சாய்ந்தால் கதவைத் திறக்க முடியாது, கொசு அப்பிக்கொள்ளும்.

சில வருஷங்களுக்கு முன் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் திட்டம் ஒன்று ஊராட்சிக்கு வந்தது. நீளமான தொட்டி கட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, கல்வாழை நட வேண்டும். அழுக்குத் தண்ணீர் வேர்களுக்குள் ஊறித் தெளிந்து மறுபக்கம் வரும் என்றார் பொறியாளர். இடம், குட்டையை ஒட்டிய புறம்போக்கு. கிராமசபையில் இதைச் சொன்னதும் எங்கள் தெரு கொதித்தது.

"அம்புட்டு அசிங்கமும் எங்க தலையிலதான் விடியணுமா?" என்று என் நாத்தனார் எழுந்து கத்தினார்.

எனக்கும் கோபம்தான். ஆனால் மைக்கைப் பிடித்ததும் வேறு பேச்சு வந்தது.

"தொட்டி எங்க பக்கமே இருக்கட்டும் தலைவரே. ஆனா அதைப் பாத்துக்கிறது எங்க மகளிர் குழு. தெளிஞ்சு வர்ற தண்ணியும், மிச்சம் கெடக்குற எடமும் எங்க குழுவுக்குத்தான் விடணும்."

சாக்கடைத் தண்ணீருக்கு உரிமை கேட்கிறாளே என்று மேலத்தெரு ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே தீர்மானமும் நிறைவேறிவிட்டது.

நூறு நாள் வேலையில் நாங்களே குழி தோண்டினோம், ஜல்லி சுமந்தோம். தொட்டியில் தண்ணீர் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அடைத்துக்கொண்டது. கிளறிப் பார்த்தால் சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, ஷாம்பு பாக்கெட், முடி. வீட்டுக்கு வீடு வலை வைத்த சின்னக் குழி இருந்தால் இதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். எங்கள் தெருவில் வைத்துவிட்டோம். மேலத்தெருவில் கதவு கதவாகத் தட்டினோம். "வப்போம், வப்போம்" என்றார்கள். யாரும் வைக்கவில்லை.

ஒருநாள் காலையில் மணல்மூட்டைகளைத் தூக்கிப்போய், சாக்கடை எங்கள் தெருவுக்குள் நுழைகிற வாயை அடைத்தோம். மத்தியானத்துக்குள் தண்ணீர் மேலத்தெரு வாசல்களைத் தொட்டுவிட்டது. ஆட்கள் திரண்டு வந்தார்கள்.

"என்னம்மா அநியாயம் இது? நாத்தம் கொடலப் பொரட்டுது."

"ஒரு நாளைக்கே இப்படியாண்ணே? நாங்க இம்புட்டு வருசமா இதுலதான் கெடக்குறோம்" என்றேன். மூட்டைகளை விட்டு நகரவில்லை. நாத்தனார் மூட்டைகளின் மேல் சாவகாசமாக ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"போலீசக் கூப்பிடுவோம்" என்றார் ஒருத்தர்.

"கூப்பிடுங்க. அவுகளும் வந்து மோந்து பாக்கட்டும்" என்றார் நாத்தனார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து மேலத்தெருப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். "அவுக கேக்குறதுல என்ன தப்பு? குழிய வெட்டிவிடுங்க" என்றாள். சத்தம் கேட்டு வந்த தலைவரும் அதையே சொன்னார். சாயங்காலம் கொத்தனார்கள் வந்து முதல் குழியை வெட்டத் தொடங்கிய பிறகுதான் மூட்டைகளை எடுத்தோம்.

ஜல்லியை அள்ளிக் கழுவித் திரும்பப் போட்டோம். கல்வாழை தழைத்துச் சிவப்பாகப் பூத்தது. தொட்டியின் மறுபக்கக் குழாயில் தெளிந்த தண்ணீர் வந்த அன்று கையில் ஏந்தி முகர்ந்தேன். மண் வாசனைதான் வந்தது. நாத்தனாரிடம் நீட்டினேன். அவரும் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

குட்டையைத் தூர்த்து, மிச்ச இடத்தில் அந்தத் தண்ணீரைப் பாய்ச்சித் தீவனப்புல் போட்டோம். அடுத்த கோடையில் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்க, எங்கள் புல் மட்டும் இடுப்பளவு நின்றது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத எங்கள் தெருப் பெண்கள் கறவை மாடு வாங்கினார்கள்.

போன மாதம் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் தொட்டியைப் பார்க்க வந்தார்கள். நாத்தனார் குச்சியால் தரையில் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். முதலில் அவர்களைத்தான் கேட்டார்:

"உங்க ஊர்ல தண்ணி எந்தப் பக்கமா எறங்குது, ஆத்தா?"